கேட்டைத் தாண்டினால் துண்டு செல்லாது

ஜூலை 29, திங்கள்

மன்னிக்கவும். இந்த நோட்டு கம்பெனி கொடுத்தது. எந்தப் பட்டனை அழுத்தினால் சாஃப்ட்வேரில் என்ன தப்பு வருகிறது என்று டெஸ்டிங் ஆட்கள் குறித்து வைப்பதற்கு. முன்பக்கத்தில் அதைத்தான் எழுதுகிறேன். இது நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து எழுதுவது. யாராவது திருப்பிப் பார்த்துவிட்டால் முதல் வரியிலேயே மன்னிப்பு இருக்கட்டும்.

எனக்கு ஒரு வலைப்பூ இருக்கிறது. பெயர் ‘பின்படிக்கட்டு’. என் பெயர் அதில் எங்கும் கிடையாது. காலேஜ் மூன்றாம் வருடத்தில் டேட்டாபேஸ் பாடம் இங்கிலீஷில் மண்டையில் ஏறாமல், புரிந்த அளவுக்குத் தமிழில் எழுதிப் போட ஆரம்பித்தேன். அப்புறம் மதுரையில் வேலை கிடைத்தது. விருதுநகரிலிருந்து தினமும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பஸ்ஸில் பார்த்ததையும் எழுத ஆரம்பித்தேன். இப்போது டேட்டாபேஸும் பஸ்ஸும் ஒரே தளத்தில் கலந்து கிடக்கின்றன.

இன்று காலை ஒரு மின்னஞ்சல். ‘நுண்திரட்டு’ என்று ஒன்று இருக்கிறது. தமிழில் கணினி நுட்பம் எழுதுகிறவர்களின் பதிவுகளை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டுகிற திரட்டி. என்னைப் படிக்கிற நூறு பேரில் தொண்ணூறு பேர் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். அதன் ஒருங்கிணைப்பாளர் வைத்தியலிங்கம் என்பவர் எழுதியிருந்தார்: “உங்கள் கடைசிப் பத்துப் பதிவுகளில் ஆறு, நுட்பம் அல்லாதவை. பத்துக்கு எட்டு நுட்பமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. ஆகஸ்ட் 31க்குள் சரிசெய்யாவிட்டால் உங்கள் தளத்தை நீக்க வேண்டியிருக்கும். வருத்தத்துடன்.”

‘வருத்தத்துடன்’ என்று போட்டிருந்ததால் கோபப்படவும் முடியவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

ஷமீமாவிடம் மட்டும் சொன்னேன். என் பக்கத்து சீட். புரோகிராமர். பின்படிக்கட்டு யார் எழுதுவது என்று தெரிந்த ஒரே ஆள்.

“பஸ் கதைய நிறுத்திரு. டேட்டாபேஸ மட்டும் எழுது. முடிஞ்சுச்சு.”

“பஸ் கதையத்தான் நீ முதல்ல படிப்பேன்னு சொன்ன?”

“அது நான். நான் என்ன திரட்டியா நடத்துறேன்?”

மத்தியானம் எங்கள் டீம் லீடர் ஞானசேகர் சார் யாரிடமோ, “பின்படிக்கட்டுன்னு ஒருத்தன் எழுதுறான். டேட்டாபேஸ்ல பூட்டு, வரிசை எல்லாம் அழகா சொல்றான். பஸ் கதை எழுதி வீணாப் போறான்” என்றார். ஷமீமா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நான் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன்.

‘ஒருத்தன்.’ ஒருத்தி என்று அவருக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஒன்று விட்டு ஒன்று எழுதலாம் என்று கட்டம் போட்டுப் பார்த்தேன். அப்படி எழுதினாலும் பத்துக்கு ஐந்துதான். நாலு நுட்பத்துக்கு ஒரு பஸ் என்றால் கணக்கு சரியாக வரும். ஆனால் நாலு நுட்பம் எழுதி முடிப்பதற்குள் அந்த பஸ்ஸில் பார்த்த அம்மா எந்த ஸ்டாப்பில் இறங்கினார் என்பதே மறந்துபோகும்.

அம்மா பருப்பு மில்லிலிருந்து வந்து கை கால் கழுவிவிட்டு எட்டிப் பார்த்தாள். “என்ன புள்ள, கட்டமா போட்டுருக்க? தாயமா?”

“ஆபீஸ் வேலைம்மா.”

“ஆபீஸ் வேலைய ஆபீஸ்லயே வச்சுட்டு வர வேண்டியதுதான? நான் என்ன பருப்பையா தூக்கிட்டு வர்றேன்?”

ஆகஸ்ட் 5, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். இரண்டாகப் பிரித்துவிடலாம். நுட்பத்துக்கு ‘தரவுக் குறிப்பு’ என்று புதுத் தளம். பஸ் எல்லாம் பின்படிக்கட்டிலேயே இருக்கட்டும். திரட்டியில் இருந்த முகவரியை மாற்றிக் கொடுத்தேன். வைத்தியலிங்கம் ஐயா, “31 அன்று குழு கூடி உறுதி செய்யும்” என்று பதில் போட்டார்.

பிரிக்கும்போது ஒரு சின்ன சிரமம். ‘ஒரே டிக்கெட், இரண்டு பேர்’ என்ற பதிவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதில் பாதி திருமங்கலத்தில் ஏறின தாத்தா, பாதி டேட்டாபேஸ். கடைசியில் தாத்தாவை வெட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தரவுக் குறிப்பில் முதல் பதிவு: டேட்டாபேஸ் பூட்டு பற்றி, அதாவது ஒரு தகவலை ஒருவர் தொடும்போது இன்னொருவர் தொடாமல் தடுப்பது. படித்தவர்கள் நாற்பத்தொன்று. கருத்து ஒன்றுமில்லை.

“படிச்சியா?” என்று ஷமீமாவைக் கேட்டேன்.

“படிச்சேன்டி.”

“எப்படி?”

“மருந்துக் கவர்ல ஒரு தாளு மடிச்சு வச்சிருப்பாங்கல்ல, அது மாதிரி இருக்கு. தப்பு எதுவும் இல்ல. யாரும் படிக்க மாட்டாங்க.”

பின்படிக்கட்டில் பஸ் பதிவு ஒன்று போட்டேன். படித்தவர்கள் ஆறு. ஒரு கருத்து வந்தது. பெயர் போடாமல் எழுதினால் தளம் தானாகவே ‘பெயரில்லா’ என்று காட்டும். அந்தப் பெயரில்லா எழுதியிருந்தது:

“அந்த வண்டி கள்ளிக்குடி விலக்குக்கு 8.05 வராது 7.58 டிரைவர் பிரேக் போடும் முன் தோளைக் குலுக்குவார் என்பது உண்மை”

முற்றுப்புள்ளி, கமா எதுவும் கிடையாது. இவர் முன்பும் மூன்று நான்கு தடவை எழுதியிருக்கிறார். பஸ் பதிவுகளுக்கு மட்டும். எப்போதும் ஏதாவது ஒரு நேரத்தைத் திருத்துவார். நான் திருத்திக்கொள்வேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஆபீஸில் தலைவலி. நாங்கள் செய்வது பல் கிளினிக்குகளில் டாக்டரைப் பார்க்க நேரம் பதிகிற சாஃப்ட்வேர். ஒரே 10.20ஐ இரண்டு பேர் ஒரே நொடியில் தொட்டால் இரண்டு பேருக்கும் கிடைத்துவிடுகிறது. நான்தான் கண்டுபிடித்து முன்பக்கத்தில் எழுதினேன். இரண்டு போன் வைத்துக்கொண்டு இரண்டு கட்டைவிரலாலும் ஒரே சமயத்தில் அமுக்கினேன். ஷமீமா, “தாலி கட்டுற மாதிரி கரெக்டா நேரம் பாத்து அமுக்குற” என்றாள். சாயங்காலமே சரிசெய்துவிட்டாள். ஒருவர் ஒரு நேரத்தைத் தொட்ட உடனே அது அவருக்குப் பூட்டிக்கொள்ளும். இன்னொருவர் தொட முடியாது.

ஆகஸ்ட் 14, புதன்

அப்பா இன்று இரண்டு ஷிப்ட். அவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மதுரை – சிவகாசி. நான் பெரும்பாலும் அந்த வண்டியில் ஏறுவதில்லை. நேரம் ஒத்துவராது. அப்பாவுக்கும் வேலை நேரத்தில் சங்கடம்.

பட்டமளிப்பு விழா அன்றும் அப்படித்தான். பங்குனிப் பொங்கலுக்கு ஸ்பெஷல் பஸ் விட்டார்கள். ஆள் பற்றாக்குறை. அம்மா மட்டும் வந்தாள். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்பதால் அம்மா அந்தக் கறுப்பு அங்கியைத் தடவித் தடவிப் பார்த்து, “இத வீட்டுக்குத் தர மாட்டாகளா?” என்று கேட்டாள். நானும் அப்பாவுக்கு ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தேன். பிறகு வேறு யாரோ உட்கார்ந்தார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வேலை என்றால் அப்படித்தான்.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. பெயரில்லாவின் கருத்துகள் வந்த நேரங்களை எடுத்து எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். டெஸ்டர் என்றால் நேரத்தைக் குறிப்பது பழக்கம்: 11.26, 11.31, 11.24, 4.12, 11.29.

அப்பாவின் வண்டி சிவகாசியில் 11.20க்குப் போய் நின்று 11.45க்குக் கிளம்பும். சாயங்காலம் 4.05.

இதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. சிவகாசி பஸ் ஸ்டாண்டில் எத்தனையோ பேர் நிற்பார்கள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மல்லித்தழை வாங்க மறந்து திட்டு வாங்கினேன். வேறு எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஷமீமா போட்ட பூட்டு வேறு வேலை காட்டிவிட்டது. கிளினிக்கிலிருந்து போன். ஞானசேகர் சார் ஸ்பீக்கரில் போட்டார். ரிசப்ஷன் அக்கா கத்தினது மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

“சார், வெளிய பன்னெண்டு பேரு கன்னத்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருக்காக. உங்க கம்ப்யூட்டரு எல்லா நேரமும் ஃபுல்லுங்குது. உள்ள டாக்டரு சும்மா உக்காந்து பேப்பர் படிக்கிறாரு. முன்பக்கம் முடிஞ்சு இப்ப ராசிபலன் பாக்குறாரு!”

நடந்தது இதுதான். யாராவது ஒரு நேரத்தைத் தொட்டுவிட்டு, பதியாமலே போனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். பூட்டு அப்படியே நிற்கிறது. ஆளும் வருவதில்லை, வேறு யாருக்கும் அந்த நேரம் கிடைப்பதும் இல்லை.

“தொட்டவன் வருவானா மாட்டானான்னு நமக்கு எப்படித் தெரியும்?” என்றார் சார். ஐந்து நிமிடம் கழித்துப் பூட்டை எடுத்துவிடலாம் என்றான் ஒருவன். ஆறாவது நிமிடம் வந்து ஒரு பெரியவர் சண்டை போட்டால் என்ன பதில் என்றான் இன்னொருவன். புதன்கிழமை கூடிப் பேசி முடிவு செய்வதாக ஏற்பாடு.

தரவுக் குறிப்பு: பத்தொன்பது பேர். பின்படிக்கட்டு: மூன்று பேர். இரண்டாகப் பிரித்தது, இரண்டையும் பட்டினி போட்டதுபோல் ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 24, சனி

அரை நாள் வேலை. மாட்டுத்தாவணியில் நான் வழக்கமாக ஏறுகிற வண்டி பிரேக்டவுன். அடுத்து நின்றது அப்பாவின் வண்டி. ஏறிவிட்டேன். பின்பக்கம் ஜன்னல் சீட்.

அப்பா என்னைப் பார்த்தார். “எங்க?”

“விருதுநகர்.”

“ஒண்ணா?”

“ஒண்ணு.”

டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் துண்டு போடுவதைத் தினமும் பார்க்கிறேன். வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகத் துண்டை, கர்ச்சீப்பை, பேப்பரை வீசிவிட்டால் அந்த சீட் அவருக்கு. இன்றைக்குத்தான் அதை வண்டிக்குள் இருந்து முழுசாகப் பார்த்தேன்.

வேட்டி கட்டிய ஒரு அண்ணாச்சி மூன்று சீட்டில் மூன்று சாமான் போட்டார். துண்டு, பேப்பர், கடைசியில் வெறும் பிளாஸ்டிக் பை.

அப்பா: “எத்தன ஆளு அண்ணாச்சி?”

“மூணு பேரு வர்றாக. டீ குடிக்கப் போயிருக்காக.”

“வந்து அவுகவுகளே போடட்டும். ஒரு ஆளுக்கு ஒரு துண்டு. பிளாஸ்டிக் பைக்கா நான் டிக்கெட் கிழிக்க?”

வண்டியே சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்துக்கொண்டே இரண்டை எடுத்துவிட்டார்.

எனக்கு முன்சீட்டில் ஒரு அம்மா. குழந்தையின் மஞ்சள் டவலைப் போட்டு வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்க இறங்கினார். வண்டி கிளம்பியது. நின்றுகொண்டிருந்த ஒருவர் அந்த டவலைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றார். உட்காரவில்லை. வண்டி பஸ் ஸ்டாண்ட் கேட்டைத் தாண்டியது. அப்போதுதான் டவலை மெதுவாக ஓரத்தில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த நிமிடம் அந்த அம்மா கேட்டுக்கு வெளியே ஓடி வந்து ஏறினார், இடுப்பில் குழந்தையோடு.

“அது என் சீட்டு. டவலு கிடக்குல்ல? கண்ணு தெரியாதா?”

“எம்மா, கேட்டு வரைக்கும் நின்னேன்ல? யாரவேணா கேளு.”

“தண்ணி வாங்கிட்டு வாரதுக்குள்ள என்னா அவசரம் ஒமக்கு?”

அப்பா வந்தார். சத்தமே போடவில்லை. “கேட்டத் தாண்டுனா துண்டு செல்லாதும்மா” என்றார். அவ்வளவுதான். அந்த அம்மா வாயை மூடிக்கொண்டார். சுற்றி நின்றவர்களும் அது சரிதான் என்பதுபோல் தலையாட்டினார்கள். எங்கும் எழுதி வைக்காத சட்டம் இது. ஆனாலும் வண்டியில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு செய்ததைத்தான் நான் கவனித்துப் பார்த்தேன். அப்பா அந்த டவலை எடுத்தார். உதறி, நான்காக மடித்து, அந்த அம்மா கையில் கொடுத்தார். குனிந்து ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. அப்படியே முன்னால் பார்த்து, “அண்ணாச்சி, ஒரு சாண் தள்ளுங்க, கைப்பிள்ளக்காரி” என்று இடம் வாங்கிக் கொடுத்தார். எல்லாம் அரை நிமிடத்தில்.

திருமங்கலம் வரும் வரைக்கும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். சீட் காலியாக இருந்தால்தான் துண்டு போடலாம். ஒரு ஆளுக்கு ஒரு துண்டு. கேட் வரைக்கும் செல்லும், தாண்டினால் செல்லாது. செல்லாமல் போன துண்டைத் தூக்கி எறியக் கூடாது. மடித்துக் கையில் கொடுத்து அடுத்த இடத்தைக் காட்ட வேண்டும்.

பூட்டைப் பற்றி நான் பதினோரு பத்தி எழுதினேன். இதில் ஒன்றுகூட அதில் இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலை முழுவதும் எழுதினேன். துணி துவைத்தேன். மறுபடியும் எழுதினேன். எங்கே பஸ் முடிகிறது, எங்கே டேட்டாபேஸ் ஆரம்பிக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. வெட்டியெடுத்த திருமங்கலம் தாத்தாவையும் அவர் இடத்தில் திரும்ப உட்கார வைத்தேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டே, “அரசாங்க வண்டி என்னாச்சு நேத்து?” என்று கேட்டார்.

“பிரேக்டவுன்.”

“ம்.” சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே, “ஜன்னல் சீட்டு கெடச்சிருச்சுல்ல?”

“கெடச்சிருச்சுப்பா.”

“ம்.”

ஆகஸ்ட் 28, புதன்

இதை மெதுவாக எழுத வேண்டும்.

மீட்டிங்கில் எட்டுப் பேர். ஐந்து நிமிடமா பத்து நிமிடமா என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். சேர்ந்து ஏழு மாதமாகிறது. இதுவரை மீட்டிங்கில் நான் ‘ஆமா சார்’ தவிர எதுவும் பேசியதில்லை.

“சார்” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. ஷமீமா மேஜையைத் தட்டி, “மாரி ஏதோ சொல்லணுமாம்” என்றாள்.

“சார், இது பஸ்ல துண்டு போடுற மாதிரி.”

சிரித்தார்கள். நான் நிறுத்தியிருப்பேன். ஆனால் மஞ்சள் டவல் கண் முன்னால் நின்றது. எழுந்து போர்டுக்குப் போனேன். நான்கு சீட் வரைந்தேன். ஒரு கேட் வரைந்தேன்.

“இத்தனை நிமிஷம்னு பொதுவா வச்சா சண்டை வரும் சார். எல்லாருக்கும் தெரியிற மாதிரி ஒரு கேட் வேணும். தொட்ட உடனே திரையில ‘இந்த நேரத்துக்குள்ள பதிஞ்சிரணும்’னு கண்ணு முன்னால ஓடணும். தாண்டுனா துண்டு செல்லாது. ஆனா சும்மா ‘முடிந்தது’ன்னு போடக் கூடாது. துண்ட மடிச்சுக் கையில குடுக்கணும். அடுத்து எந்த நேரம் காலியா இருக்குன்னு அப்பவே காட்டணும். அப்ப யாரும் ரிசப்ஷன்ல வந்து கத்த மாட்டாங்க.”

ஞானசேகர் சார் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “இந்த மாதிரி எழுதுறவன் ஒருத்தன் இருக்கான்…” என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து, நிறுத்தினார்.

“ஒருத்தன் இல்ல சார்” என்றாள் ஷமீமா.

சார் எழுந்து நின்று கைதட்டினார். ஒரு ஆள் எழுந்தால் மற்ற ஆறு பேரும் எழத்தானே வேண்டும். மொத்தம் ஏழு பேர் கைதட்டினார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போர்டைத் துடைக்கப் போனேன். “துடைக்காதம்மா!” என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

ஆகஸ்ட் 31, சனி

கடைசி நாள். காலை ஒன்பதரைக்குத் தரவுக் குறிப்பை மூடினேன். அதிலிருந்த எல்லாவற்றையும் பின்படிக்கட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். திரட்டியிலும் பழைய முகவரியையே கொடுத்தேன். ‘கேட்டைத் தாண்டினால் துண்டு செல்லாது’ பதிவை வெளியிட்டேன். எந்த வகை என்று கேட்கிற இடத்தில் ‘நுட்பம்’, ‘பயணம்’ இரண்டையும் போட்டேன்.

வைத்தியலிங்கம் ஐயாவுக்கு இரண்டு வரி: “ஐயா, பிரித்துப் பார்த்தேன். என்னால் பிரிக்க முடியவில்லை. இதை நுட்பம் என்று எண்ணுவதா, இல்லை என்று எண்ணுவதா என்பதை உங்கள் குழுவே சொல்லட்டும். நீக்கினாலும் இனி இப்படித்தான் எழுதுவேன்.”

அனுப்பிவிட்டு மல்லித்தழை வாங்கப் போனேன். இந்த முறை மறக்கவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

இரண்டாயிரத்து முந்நூறு பேர் படித்திருக்கிறார்கள். தேனியில் ஒரு வாத்தியார் வகுப்பில் நான்கு நாற்காலி போட்டு, துண்டு கொடுத்து, பிள்ளைகளை வைத்து நடத்திக் காட்டினாராம். புரோகிராமே எழுதத் தெரியாத ஒரு அக்கா, “பூட்டு என்றால் என்ன என்று என் வீட்டுக்காரருக்கு நான் சொல்லிக் கொடுத்தேன், அவர் இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார்” என்று எழுதியிருந்தார்.

வைத்தியலிங்கம் ஐயாவின் பதில்: “அம்மா (இந்தப் பதிவைப் படிக்கும் வரை தம்பி என்று நினைத்திருந்தேன், மன்னிக்கவும்), நான் தொலைபேசித் துறையில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்தவன். காத்திருக்கும் அழைப்பை எப்போது துண்டிப்பது என்று கூட்டம் போட்டுப் பேசுவோம். துண்டிக்கப்பட்டவரிடம் என்ன சொல்வது என்று ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை. குழுவில் வாக்கெடுத்தோம். ஏழுக்கு இரண்டு. பத்துக்கு எட்டு என்ற விதியையே எடுத்துவிட்டோம். இரண்டில் ஒரு எதிர்வாக்கு நான் போட்டது, விதி எழுதியவன் என்ற முறையில். தோற்றதில் மகிழ்ச்சி. செப்டம்பர் 14 சனிக்கிழமை மதுரையில் நம் ஆண்டுக் கூட்டம். நீங்கள் பேச வேண்டும். அழைப்பிதழில் என்ன பெயர் போட?”

செப்டம்பர் 3, செவ்வாய்

கா. மாரீஸ்வரி, விருதுநகர். அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

புதுப் பூட்டு கிளினிக்குகளில் ஓட ஆரம்பித்து நாலு நாள். ரிசப்ஷன் அக்கா போன் செய்து, “ராசிபலன் பாக்கக்கூட டாக்டருக்கு நேரமில்ல சார்” என்றாராம். ஆபீஸில் அந்தப் பகுதிக்கே இப்போது பெயர் ‘துண்டு’. “துண்டுல ஒரு பக் இருக்கு”, “துண்ட மாத்தி எழுது” என்று இங்கிலீஷ் கோடுக்கு நடுவில் பேசிக்கொள்கிறார்கள்.

செப்டம்பர் 9, திங்கள்

11.27. துண்டுப் பதிவின் கீழ் பெயரில்லா:

“எல்லாம் சரி ஒன்று விட்டுப்போனது துண்டை மடித்துக் கொடுக்கும்போது கண்டக்டர் அந்த அம்மாவிடம் மன்னிச்சுக்க தாயி என்று சொன்னார் அதையும் எழுத வேண்டும் அது இல்லாமல் துண்டை மட்டும் கொடுத்தால் சரியாக இருக்காது”

ஐந்தாறு தடவை படித்தேன். குனிந்து சொன்னது எனக்குக் கேட்கவில்லை. நான் அதற்குப் பின்சீட்டில் இருந்தேன். எனக்கே கேட்காதது சிவகாசி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற யாருக்கும் கேட்டிருக்க வழியில்லை.

போன வருடம் அப்பாவின் போனில் குரலால் தமிழ் எழுதுகிற வசதியை நான்தான் போட்டுக் கொடுத்தேன். கண்டக்டர்கள் குரூப்பில் மெசேஜ் போட வேண்டும் என்றார். அது புள்ளி, கமா எதையும் வைக்காது. பெயரில்லா யார் என்று எனக்கு எப்போதிலிருந்தோ தெரியும். இங்கே மட்டும் எழுதவில்லை. என் தளத்தை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்றுதான் தெரியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், நான் எழுதிய எல்லாவற்றையும் வண்டி நிற்கிற இருபத்தைந்து நிமிடத்தில் படித்திருக்கிறார்.

மத்தியானம் ஷமீமாவிடம் சொல்லித் திரையில் வருகிற வாசகத்தை மாற்றினோம். இப்போது இப்படி வருகிறது: “மன்னிக்கவும். நீங்கள் எடுத்து வைத்த நேரம் கடந்துவிட்டது. அடுத்து 10.40 காலியாக இருக்கிறது. உங்களுக்கு எடுத்து வைக்கலாமா?”

செப்டம்பர் 11, புதன்

பேச வேண்டியதை எழுதிவிட்டேன். ஷமீமாவிடம் இரண்டு முறை பேசிக் காட்டினேன். இரண்டாவது முறை அவள் தூங்கவில்லை. அழைப்பிதழ் வந்துவிட்டது. என் பெயருக்கு நேராக 11.40 என்று இருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு வண்டி சிவகாசியில் கிளம்பத் தயாராக நிற்கும்.

இத்தனை பக்கம் எழுதியும் ஒன்றை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. பட்டமளிப்பு விழாவுக்கும் அப்பாவைக் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டிருந்தால் வந்திருப்பாரோ என்னவோ. நாற்காலி பிடித்து வைத்தேன், வாங்க என்று வாய் திறந்து சொல்லவில்லை.

சாயங்காலம் ஆறு மணி. அப்பா கூடத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். கையில் போன். கொடியில் காய்ந்த அவருடைய பச்சைத் துண்டை எடுத்து மடித்து என் பையில் வைத்துவிட்டேன். அம்மா பார்த்தாள். நான் உள்ளே உட்கார்ந்து, பெயரில்லாவின் கருத்துக்குக் கீழே பதில் எழுதினேன். எழுதியதை இங்கேயும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

“பெயரில்லா அவர்களுக்கு வணக்கம். நீங்கள் சொன்னது சரி. மன்னிப்பைப் பதிவில் சேர்த்துவிட்டேன். சாஃப்ட்வேரிலும் சேர்த்துவிட்டோம்.

ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை மதுரையில் 11.40க்குப் பேசுகிறேன். சொந்தப் பெயரில். அன்றைக்கு ஒரு நாள் லீவு போட முடியுமா? முதல் வரிசையில், வலது பக்கம் இரண்டாவது நாற்காலியில் ஒரு பச்சைத் துண்டு கிடக்கும். உங்களுக்காகப் போட்டு வைப்பது. நான் பேச ஆரம்பித்துவிட்டாலும் அந்தத் துண்டு செல்லும். அதற்குக் கேட் கிடையாது.

வாங்கப்பா.”